மருந்துக்கு முந்தி மோர்

தை பிறந்து பத்து நாள் இருக்கும். காலையில மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தேன். சென்னையிலிருந்து மகள் போன் பண்ணினாள்.

"அப்பா, வெண்டைச் செடி இலையில எல்லாம் கோலமாவு கொட்டுன மாதிரி இருக்குப்பா. கடையில கேட்டேன், ஒரு மருந்து குடுத்திருக்காங்க. சாயங்காலம் அடிக்கப் போறேன். எத்தனை மில்லி ஊத்தணும்?"

வாடகை வீட்டு மாடியில் பன்னிரண்டு பை வைத்திருக்கிறாள். வெண்டை, கத்தரி, மிளகாய், ஒரு பாகற்கொடி. விதை எல்லாம் நான் கொடுத்தது. பேரனுக்கு நாலு வயசு. வெண்டைப் பிஞ்சைப் பறிக்கக்கூட மாட்டான், குனிந்து செடியிலேயே கடிப்பான். அவன் நினைப்புதான் எனக்கு முதலில் வந்தது.

"அடிக்காத ஆத்தா. முதல்ல அந்த பாட்டிலையும் இலையையும் போட்டோ புடிச்சு அனுப்பு" என்றேன்.

படம் வந்தது. பாட்டிலில் மஞ்சள் முக்கோணம். உள்ளே இருந்தது பூச்சிக்கொல்லி. ஆனால் செடிக்கு வந்திருப்பது சாம்பல் நோய், அது பூஞ்சாணம். பூச்சி வேறு, பூஞ்சாணம் வேறு. வயித்துவலிக்காரனுக்குக் கண்ணுல சொட்டு மருந்து ஊத்துன கதை இது. நோயும் போகாது, பிள்ளை தின்கிற காயில் விஷம் மட்டும் ஏறியிருக்கும்.

ஊரில் இருந்து செடி வளர்க்கிற நாங்களே இந்தத் தப்பைப் பண்ணுகிறோம், பட்டணத்தில் இருக்கிற உங்களைக் குத்தம் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பூச்சிமருந்து டப்பாவிலும் ஒரு சாய்சதுரம் போட்டு, அதன் கீழ்ப்பாதியில் ஒரு நிறம் கொடுத்திருப்பார்கள். சிவப்பு என்றால் மிக மிகக் கடுமையான நஞ்சு. மஞ்சள் அதற்கு அடுத்தது. நீலம் நடுத்தரம். பச்சை குறைந்தது. எழுத்துப் படிக்கத் தெரியாதவனுக்காகவே வைத்த அடையாளம் அது. படிக்கத் தெரிந்தும் நான் அதைப் பார்க்காமல் பல வருசம் அடித்தவன்.

இதையெல்லாம் நாங்கள் "மருந்து" என்றுதான் சொல்கிறோம். மருந்துக்கடை, மருந்தடிக்கிற டேங்க், மருந்தடிக்கிற ஆள். அதே ஊரில் "அவன் மருந்தக் குடிச்சிட்டான்" என்று யாராவது ஓடிவந்தால், இருமலுக்குக் குடித்தான் என்று ஒருத்தரும் நினைப்பதில்லை. வண்டியைத்தான் எடுக்கிறோம்.

2009 கார்த்திகையில் எனக்கே வண்டி எடுத்தார்கள். நான் குடிக்கவில்லை, அடித்தேன், அவ்வளவுதான்.

ஆலங்குடிக்குக் கிழக்கே செம்மண் பூமி எங்களுது. போர் தண்ணிதான். இருபது சென்டில் கல்லுக்கால் நட்டு, கம்பி இழுத்துப் பந்தல் போட்டுப் பாகல் வைத்திருந்தேன். காய்ப்புழு விழுந்துவிட்டது. ரெண்டு மருந்தைக் கலந்து அடிக்கச் சொன்னார்கள், வாங்கிவந்து கலந்தேன். பந்தலுக்கு மருந்தடிக்கிறதில் ஒரு சங்கடம் உண்டு. அண்ணாந்து மேலே அடிக்கணும், அடிச்சது திரும்ப நம்ம மேலேயே சொட்டும். கைலி, வெறும் கால், மூஞ்சியில ஒரு துண்டு. அன்றைக்குக் காத்தும் எதிர்க்காத்து. நாலாவது டேங்க்கில் வேர்த்துக் கொட்டியது. வாயில எச்சில் தானா ஊறி வழிஞ்சுது. மூச்சு இழுக்க முடியவில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது, அதற்குப் பிறகு இல்லை.

மூணு நாள் ஆசுபத்திரி. கண்மணி கடுகு மாதிரி சுருங்கிப்போயிருந்ததாம். அட்ரோபின் ஊசி மேல ஊசியாகப் போட்டு என்னைத் திருப்பி எடுத்தார்கள். மகள் அப்போது எட்டாவது படித்தாள். பள்ளிக்கூடச் சீருடையோடு வந்து கட்டில் பக்கத்தில் நின்றவள், ஒரு வார்த்தை பேசவில்லை.

அதனால்தான் போனில், "நீயே மறந்துட்டியா ஆத்தா?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "மறக்கலப்பா. இது தொட்டிச் செடிதானேன்னு நினைச்சேன்" என்றாள்.

ஆசுபத்திரியிலிருந்து வந்ததும் இனிமேல் விஷத்தைத் தொடுவதில்லை என்று முடிவு பண்ணினேன். இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் நல்லாத்தான் இருக்கும். ஆனால் மறுவருசம் நடந்ததையும் சொல்லணும். மறுபடி பாகல் போட்டேன். மார்கழியில் பகலில் காய்ச்சல் வெயில், ராத்திரியில் பனி. சாம்பல் நோய்க்கு அதைவிடத் தோதான காலம் கிடையாது. அடியிலைகளில் ரெண்டு மூணு வெள்ளைப் புள்ளி பார்த்தேன், பார்த்துவிட்டுப் போய்விட்டேன். விஷம் அடிக்காமல் விட்டால் எல்லாம் தானாகச் சரியாகும் என்று ஒரு நினைப்பு. பதினைந்தாவது நாள் பந்தலே வெள்ளை வேட்டி காயப்போட்ட மாதிரி இருந்தது. அதற்கு அப்புறம் புளித்த மோரைக் குடம் குடமாகக் கரைத்து அடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. போட்ட முதலும் வரவில்லை. வீட்டுக்காரியின் ஜிமிக்கி அடகுக்குப் போய், திரும்பி வர ரெண்டு வருசம் ஆனது. "விஷமும் வேணாம், பார்க்கவும் மாட்டேன்னா எப்படிங்க வெள்ளாமை வரும்?" என்றாள் அவள். அதுக்கு இன்னைக்கு வரைக்கும் பதில் இல்லை.

எங்களுக்குப் பக்கத்தில் வம்பனில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பயறு ஆராய்ச்சி மையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. அங்கே ஒரு நாள் பயிற்சிக்குப் போனபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. உளுந்தில் சாம்பல் நோய்க்கு அவர்களே ஐந்து சதம் வேப்பங்கொட்டைக் கரைசலோ, மூன்று சதம் வேப்பெண்ணெயோ சொல்கிறார்கள். ஆனால் எப்போது? நோய் தலைகாட்டின உடனே ஒரு தடவை, பத்து நாள் விட்டு இன்னொரு தடவை. நான் தோற்றது மோரினால் இல்லை, நாளினால். இந்தக் கரைசல்கள் எதுவும் செத்த இலையை எழுப்பாது. நல்லா இருக்கிற இலைக்குப் பரவாமல் காக்கும், அவ்வளவுதான். அதனால் ரெண்டு நாளுக்கு ஒருதடவை இலையைத் திருப்பிப் பார்க்கிறதுதான் முதல் வைத்தியம். பன்னிரண்டு பைக்கு ஒரு காபி குடிக்கிற நேரம் போதும்.

மகளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், வெள்ளை படிந்த அடியிலைகளைக் கிள்ளி ஒரு பையில் போட்டுக் கட்டி வெளியே எறியணும். செடிக்கடியிலேயே போடக்கூடாது. செடிக்குச் செடி காத்துப் போக இடம் விடணும். தண்ணி காலையில், வேருக்கு.

அடுத்தது மோர். நாலைந்து நாள் புளித்த மோர் ஒரு டம்ளர், தண்ணி பத்து டம்ளர், துணியில் வடிகட்டி இலையின் ரெண்டு பக்கமும் நனைகிற மாதிரி காலையில் தெளிக்கணும். வடிகட்டாமல் ஊத்தினால் தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொள்ளும். வாரம் ரெண்டு தடவை. மோர் என்றால் படித்தவர்கள் சிரிப்பார்கள். பிரேசில் நாட்டில் வாக்னர் பெட்டியோல் என்ற ஆராய்ச்சியாளர் பசுமைக்குடிலில் இருந்த சுக்கினிச் செடிகளின் சாம்பல் நோய்க்கு வெறும் பசும்பாலைத் தண்ணியில் கலந்து அடித்துப் பார்த்து, 1999ல் எழுதி வெளியிட்டார். பத்துக்கு ஒன்று கலந்து வாரம் ரெண்டு தடவை அடித்ததில், கடை மருந்துக்குக் குறையாமல் வேலை செய்திருக்கிறது. எங்க அப்பத்தா பந்தலில் மோர் தெளித்தபோது யாரும் எழுதிவைக்கவில்லை.

மூன்றாவது வேப்பங்கொட்டை. ஒரு லிட்டருக்கு ஐம்பது கிராம் பருப்பு. இடித்து, துணியில் முடிந்து, கொஞ்சம் தண்ணியில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் பால் மாதிரி வருகிறவரை பிழிந்து, ஒரு லிட்டராக்கி வைத்துக்கொள்ளணும். இலையில் ஒட்ட ஒரு ஸ்பூன் சோப்புத் தண்ணி. அன்று சாயங்காலமே தெளித்துவிடணும், வெயில் பட்டால் அதன் வீரியம் போய்விடும். கொட்டை மூணு மாசத்துக்கு மேலே, எட்டு மாசத்துக்குள்ளே உள்ளதாக இருக்கணும். ஆடியில் பொறுக்கினது தைக்கு ரொம்பச் சரி. அசுவினி, வெள்ளை ஈ, இலை தின்கிற புழு எல்லாத்துக்கும் இதுதான். அடித்த உடனே பூச்சி செத்து விழும் என்று பார்க்காதீர்கள். அது இலையைத் தின்னப் பிடிக்காமல் பண்ணும், புழுவைத் தோல் உரிக்க விடாமல் பண்ணும். மூணு நாலு நாள் பொறுக்கணும். எதை அடித்தாலும் முதலில் ஒரு இலையில் தெளித்து ரெண்டு நாள் பாருங்கள். வேப்பெண்ணெய் கூடிப்போனால் இளந்தளிர் கருகும்.

இந்த வேப்பெண்ணெய்க்கு ஒரு வழக்கே நடந்திருக்கிறது. அதை வைத்துப் பயிரில் பூஞ்சாணத்தைக் கட்டுப்படுத்துகிற முறை தங்களுடையது என்று அமெரிக்க வேளாண்மைத் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் என்ற கம்பெனியும் சேர்ந்து கேட்டு, 1994ல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் கொடுத்தும்விட்டது. வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பசுமைக் கட்சிக்காரரான மக்தா ஆல்வோட், இயற்கை வேளாண்மை இயக்கங்களின் உலகக் கூட்டமைப்பு மூன்று பேரும் எதிர்த்து நின்றார்கள். இது இந்தியாவில் முன்னமே தெரிந்த சங்கதி என்று காட்டி, 2000 மே மாதம் அதை ரத்து செய்ய வைத்தார்கள். மேல்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடி ஆனது. வெளிநாட்டுக்காரன் வழக்காடிப் பிடிக்கப் பார்த்த சரக்கு எங்க வாசலில் உதிர்ந்து கெடக்குது, நாங்க பஸ் ஏறிப் போய் மஞ்சள் முக்கோணம் வாங்கிவருகிறோம்.

வாசலில் மூணு வேம்பு இருந்தது. 2018 நவம்பர் 16 கஜா ராத்திரியில் ரெண்டு சாய்ந்தது, தென்னையோடும் பலாவோடும். மிஞ்சின ஒன்றின் கொட்டையைத்தான் வீட்டுக்காரி வருசா வருசம் கூட்டிப் பொறுக்கி, கழுவி, நிழலில் காயவைத்துச் சாக்கில் கட்டுகிறாள்.

இயற்கை மருந்து எல்லாத்தையும் குணமாக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெண்டையில் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி வலை மாதிரி தெரிந்தால் அது நச்சுயிரி நோய், வெள்ளை ஈ கொண்டுவருவது. மோர், வேம்பு, கடை மருந்து எதற்கும் அது கேட்காது. பிடுங்கி எறிவது ஒன்றுதான் வழி. இலை மேலே மஞ்சள் திட்டு, கீழே சாம்பல் பூத்திருந்தால் அது அடிச்சாம்பல் நோய், வேறு சாதி. அதற்கு மோரை நம்பி உட்கார வேண்டாம். நாற்று அழுகல் வராமல் இருக்க விதையிலேயே டிரைக்கோடெர்மா விரிடி கலந்து போடுங்கள், கிலோவுக்கு நாலு கிராம் கணக்கு. அழுகினபிறகு ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம், புகையிலையை ஊறவைத்து அடிக்கச் சொல்கிறவர்கள் உண்டு. இலையில் விளைந்ததாலேயே அது சாது ஆகிவிடாது. நிகோடினும் விஷம்தான். குழந்தை இருக்கிற வீட்டு மாடிக்கு அது வேண்டவே வேண்டாம்.

அன்றைக்கே மகள் மோர் அடித்தாள். பக்கத்துத் தெருப் பையன் ஒருத்தன் சென்னைக்குப் பஸ் ஏறினான், அவனிடம் ரெண்டு கிலோ வேப்பங்கொட்டை கொடுத்தனுப்பினோம். பாட்டிலைக் கடையில் திருப்பி வாங்கமாட்டேன் என்றுவிட்டார்கள். அதைச் சாக்கடையில் ஊத்தாதே, மூடியைத் திருகிப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் பூட்டிவை, பொங்கலுக்கு வராதவள் மாசிக்கு வரும்போது கொண்டுவா என்றேன். அக்கம்பக்கத்தில் பருத்தி போடுகிறவனுக்காவது ஆகும். என்ன செய்வது, விஷத்தைத் தூக்கிப் போடவும் ஒரு இடம் வேணுமே.

மூணு வாரம் ஆச்சு. ஆறு வெண்டையில் நாலு புதுத்தளிர் விட்டிருக்கிறது. ஒன்று தேறவில்லை. ஆறாவதில் நரம்பு மஞ்சளாகிவிட்டது, பிடுங்கச் சொல்லிவிட்டேன். அது பேரன் கையால் விதை போட்ட செடியாம். பிடுங்கினால் அழுவான் என்று இன்னும் வைத்திருக்கிறாள். "அழுதா அழட்டும் ஆத்தா, மத்த நாலும் போயிரும்" என்று நேத்துகூடச் சொன்னேன். நாளைக் காலையில் மறுபடி போன் பண்ணணும்.