பழைய டெக்கின் நீலப்பச்சை எழுத்துகள்



கிளியூரில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவரின் மகள் 11-ஆம் வகுப்பு படிக்கிறாள். கெட்டுப்போன கேசட் டெக்கின் முகப்பில் நீலப்பச்சையாக எழுத்து எரியுமே, அந்தக் கண்ணாடிப் பட்டையைக் கழற்றி, பள்ளிக் கண்காட்சிக்காக எரியவைத்திருக்கிறாள். "தாத்தா, ஒரு பக்கம் பளிச்சுனு இருக்கு, இன்னொரு பக்கம் மங்கலா இருக்கு. ட்யூப் போச்சுன்னு அப்பா தூக்கிப்போடச் சொல்றார்" என்று போனில் கேட்டாள்.

ட்யூப் போகவில்லை. அதற்குள் நடப்பது நான் கரும்பலகையில் வரைந்து காட்டிய பாடம்தான்.

உள்ளே தலைமுடியைவிட மெல்லிய டங்ஸ்டன் இழைகள் ஓடுகின்றன. சூடானதும் எலக்ட்ரான்களை உமிழும். நடுவில் வலை போன்ற கிரிட். அடியில் பாஸ்பர் பூசிய ஆனோடுகள். எலக்ட்ரான் மோதினால் ஒளிரும். 1904-இல் ஃபிளெமிங் செய்த டயோடு வால்வு, அதில் கிரிட்டைச் சேர்த்து டி ஃபாரஸ்ட் செய்த டிரையோடு, இவற்றின் வாரிசு இது. 1967-இல் ஜப்பானின் இசே எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் இதில் எண் காட்டும் ட்யூபைக் கொண்டுவந்தது.

அவள் இழைக்கு 2 பென்சில் பேட்டரி, 3 வோல்ட் கொடுத்திருந்தாள். கிரிட்டுக்கும் ஆனோடுக்கும் 9 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 18 வோல்ட். இரண்டின் மைனஸும் ஒன்றாக. அப்படியானால் இழையின் மைனஸ் முனையிலிருந்து பார்த்தால் ஆனோடு 18 வோல்ட். பிளஸ் முனையிலிருந்து பார்த்தால் 15தான். அதனால்தான் அந்தப் பக்கம் மங்கல்.

"இழையின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் பாரம்மா" என்றேன். மங்கலும் இடம் மாறியது! இன்னொரு 9 வோல்ட் பேட்டரி சேர்த்ததும் வித்தியாசம் நன்றாகக் குறைந்தது. நிரந்தரமாகத் தீர, சிறு டிரான்ஸ்பார்மரிலிருந்து இழைக்கு ஏசி கொடுக்க வேண்டும். அதன் நடு முனையைத் தரையைவிடச் சில வோல்ட் மேலே வைத்தால், அணைந்த எழுத்துகள் பேய்போல மங்கித் தெரிவதும் நிற்கும்.

செய்ய விரும்பும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தை:

இழை பெரும்பாலும் இரண்டு ஓரப் பின்களில் இருக்கும். மீட்டரில் சில ஓம் முதல் சில பத்து ஓம் வரை காட்டும். 1 வோல்ட்டில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். இருட்டறையில்கூட இழை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். ஆரஞ்சாக ஒளிர்ந்தால் அதிகம், ஆயுள் போய்விடும்.

கண்ணாடியின் ஓரத்தில் வெள்ளிபோல ஒரு பொட்டு இருக்கும். அது பால் வெள்ளையாகிவிட்டால் காற்று புகுந்துவிட்டது. அந்த ட்யூபை மட்டும் தூக்கிப்போடலாம்.

ஆர்டுயினோ தரும் 5 வோல்ட் ஆனோடுக்குப் போதாது. யுஎல்என்2003 தரைக்கு இழுக்க மட்டுமே செய்யும். மேலிருந்து மின்சாரம் தரும் யுடிஎன்2981, மேக்ஸ்6921 போன்ற ஐசி வேண்டும்.

மைக்ரோவேவ் அடுப்பை மட்டும் பிள்ளைகள் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர் உயிரைப் பறிக்கும்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய விசிஆரோ டெக்கோ கிடந்தால், எடைக்குப் போடுமுன் ஊர்ப் பள்ளி அறிவியல் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். படத்தில் மட்டும் பார்த்த டிரையோடைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும்.