நொடிக்கு ஐம்பது சுற்று

சென்ற மாதம் அத்திப்பட்டில் பிளஸ் டூ மாணவர்களிடம் உரையாட எங்களை அழைத்திருந்தார்கள். இதே ஊரில் ஒரே வகுப்பில் படித்து, இன்று ஒருவர் இயற்பியல் ஆசிரியராகவும், ஒருவர் ஆய்வகத்திலும், ஒருவர் கொதிகலன் பிரிவிலுமாக இருக்கும் மூவர் நாங்கள். பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள்: “அறிவியல் படிக்கணும்னு ஆசைப்பட்டுப் படிச்சீங்களா சார், இல்ல வேலைக்காகவா?”

உண்மையைச் சொல்வதென்றால் வேலைக்காகத்தான். வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் அலகு 1994இல் இயங்கத் தொடங்கியபோது நாங்கள் பதினொன்றாம் வகுப்பு. முதல் குரூப் எடுத்தால் பிள்ளை உள்ளே போய்விடுவான் என்பது வீட்டாரின் கணக்கு. எங்கள் கணக்கும் அதுவே.

ஒருநாள் இயற்பியல் ஆசிரியர் தொலைவில் தெரிந்த புகைபோக்கியைச் சுட்டி, “அங்கே என்ன நடக்கிறது?” என்றார். “கரண்ட் எடுக்கிறார்கள்” என்றோம். “இல்லை, வெந்நீர் போடுகிறார்கள்” என்றார். சிரித்தோம். நிலக்கரியின் வெப்பத்தில் நீர் ஆவியாகிறது. ஆவி சுழலியைத் தள்ளுகிறது. அதனோடு பிணைந்த மின்காந்தம் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றுகிறது என விளக்கிவிட்டு, அறுபதால் வகுக்கச் சொன்னார். ஐம்பது. வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் என்று நாங்கள் பொருள் அறியாமல் மனனம் செய்திருந்த அதே ஐம்பது! அன்றிரவு டியூப் லைட்டின் ரீங்காரத்தில் அந்தச் சக்கரம் சுழல்வதைக் கேட்டதுபோல் இருந்தது. வேலையை எண்ணித் திறந்து வைத்த கதவின் வழியே வேறொன்றும் நுழைந்துவிட்டது.

பின்னாளில் கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்ரயிலேறிக் கல்லூரி சென்ற நாட்களில் ராமானுஜனைப் படித்தோம். எங்கள் கடற்கரையின் தென்கோடியில் இருக்கும் சென்னைத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் 1912 மார்ச் 1 அன்று அவர் எழுத்தராகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். கணிதம் அவருக்குள் முன்பே இருந்தது, இல்லாதது சோறு. மேலதிகாரி நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர். மாலை வேளைகளில் சிலேட்டுடன் ராமானுஜன் அருகே அமர்ந்தார். 1913 ஜனவரி 16 அன்று ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலும் ராமானுஜன் தம்மைத் துறைமுக எழுத்தர் என்றே அறிமுகம் செய்துகொண்டார். சி.வி. ராமனும் நிதித்துறை அதிகாரிதான். அலுவலக நேரம் போக மிஞ்சிய பொழுதில் கல்கத்தாவில் ஆய்வு செய்தார். 1917இல் அப்பதவியைத் துறந்து, சம்பளம் குறைந்த பேராசிரியர் பணியை ஏற்றார்.

ஆசையா பிழைப்பா என்று பிரித்துப் பார்ப்பதே பிழை என்று தோன்றுகிறது. பிழைப்பை நாடி வருபவனையும் ஒரு கேள்வி பிடித்துக்கொள்ளக்கூடும். அக்கேள்வியை எள்ளாமல் கூட அமர ஒருவர் வாய்த்துவிட்டால் போதும்.

இதையெல்லாம் சொல்லி முடித்தோம். அந்தப் பெண் உட்காரவில்லை. “எல்லா ஊர் மின் நிலையமும் ஐம்பதுதானா சார்? ஒண்ணு மட்டும் மெதுவாச் சுத்தினா?”

மணி அடித்துவிட்டது. நாங்கள் சுண்ணக்கட்டியை எடுத்தோம்.