பொய் சொன்னது யாரு?

மக்களே, பொட்டி தட்டுறதைத் தவிர வேற எதுக்கும் நான் லாயக்கில்லைன்னு வீட்ல ஒரு பேச்சு ஓடிட்டு இருக்கு. அதுக்குப் பதில்தான் இந்தப் பதிவு. :-)

நான் இருக்கிறது ஒஹாயோவில். எங்க ஊர்ல புல் ரொம்ப வளர்ந்துட்டா நகராட்சி நோட்டீஸ் வந்துடும். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எழுபது தாண்டியாச்சு, முட்டி வலி வேற. ஆனாலும் புல் வெட்ட ஆள் வைக்க மாட்டாங்க. உட்கார்ந்து ஓட்டுற பேட்டரி புல்வெட்டி வெச்சிருக்காங்க, 48 வோல்ட். சனிக்கிழமை அதுல ஏறி உட்கார்ந்தாங்கன்னா மகாராணிதான்.

இந்த வருஷம் மகாராணிக்கு சோதனை. சாவியைத் திருப்பினா விளக்கு எரியுது, பெடலை அழுத்தினா வண்டி நகரலை. சில நாள் நகரும், பாதியில் விக்கி நிக்கும். கடைக்காரர் போன்லயே தீர்ப்பு சொல்லிட்டார்: "கன்ட்ரோலர் போச்சு, மாத்தணும்." விலையைக் கேட்ட பாட்டி, "வண்டியை வித்துடலாம்னு பாக்குறேன், வீட்டையும் சேர்த்து"ன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரலை.

கன்ட்ரோலர் மேல பழி போடறதுக்கு முன்னாடி, அதுக்கு என்ன தகவல் போகுதுன்னு பார்க்கணும் இல்லையா? பெடலுக்கு அடியில் ஒரு ஹால் சென்சார். மூணே ஒயர்: 5 வோல்ட், கிரவுண்ட், சிக்னல். காலை எடுத்திருந்தா சிக்னல் வழக்கமா 0.8 வோல்ட் பக்கம் இருக்கும், முழுசா அழுத்தினா 4.2 பக்கம். 0-லிருந்து 5 வரைக்கும் வைக்காததுக்குக் காரணம் இருக்கு. சிக்னல் ஒயர் அறுந்தா 0-க்கு விழும், சப்ளையோட ஒட்டிக்கிட்டா 5-க்கு ஏறும். ரெண்டுமே எல்லைக்கு வெளியேங்கறதால கன்ட்ரோலர் உஷாராகி நிறுத்திடும். நம்ம பாஷையில் இன்புட் வேலிடேஷன்!

பின் சக்கரம் ரெண்டும் தரையில் படாம முட்டுக் கொடுத்து, பிளேடை ஆஃப் பண்ணி, மல்டிமீட்டரை எடுத்தேன். கறுப்பு முனையை கன்ட்ரோலர் கிரவுண்டில் வெச்சா, பெடலைத் தொடாமலே சிக்னல் 1.35 வோல்ட். சென்சார் அவுட்னு தோணுதா? பொறுங்க. கறுப்பு முனையை மட்டும் சென்சாரோட சொந்த கிரவுண்ட் முனைக்கு மாத்தினேன். 0.75! அப்போ மிச்ச 0.6 வோல்ட் எங்கே? கிரவுண்ட் ஒயர்ல. அங்கே சில மில்லிவோல்ட்டுக்கு மேல இருக்கவே கூடாது. கனெக்டரைக் கழட்டினா, ஈரப் புல்லும் தண்ணியும் சேர்ந்து ஒரு பின் பச்சையா அரிச்சுப் போயிருக்கு.

சென்சார் உண்மையைத்தான் சொல்லிச்சு, நடுவுல தகவல் கொண்டு போன ஒயர்தான் திரிச்சுடுச்சு. 1.35-ஐப் பார்த்த கன்ட்ரோலர், யாரோ பெடலை மிதிச்சுக்கிட்டே சாவி போடறாங்கன்னு நினைச்சு, நகர மாட்டேன்னு அடம் பிடிச்சிருக்கு. புது கன்ட்ரோலர் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

அந்த அடத்தை நினைச்சா இப்போ மரியாதையா இருக்கு. அது அந்த 1.35-ஐ அப்படியே நம்பியிருந்தா? முட்டி வலியோட பாட்டி ஏறி சாவியைத் திருப்பின உடனே வண்டி தானா பாய்ஞ்சிருக்கும்.

பின்னை மாத்தி, கனெக்டரைச் சுத்தம் பண்ணி மறுபடி அளந்தேன். கிரவுண்ட் ஒயர்ல 3 மில்லிவோல்ட். அந்தச் சனிக்கிழமை பாட்டி அவங்க புல்லை வெட்டிட்டு, கேக்காமலே எங்க வீட்டுப் புல்லையும் வெட்டிட்டுப் போனாங்க. வீட்டை விக்கற பேச்சு அப்புறம் வரலை.

டிஸ்கி: உங்க வண்டியில் ஹால் சென்சாருக்குப் பதிலா பழைய பொட்டென்ஷியோமீட்டர் இருந்தா, பெடலை மெதுவா அழுத்திக்கிட்டே முள் மீட்டரைப் பாருங்க. தேய்ஞ்ச இடத்துல முள் துள்ளும், டிஜிட்டல் மீட்டர் அதைத் தவறவிடலாம். வண்டி நகரலைன்னு பாதுகாப்பு சுவிட்சுகளை மட்டும் ஒயர் போட்டு ஏமாத்திடாதீங்க, புண்ணியமாப் போகும்.