நடுவில் ஓர் இருக்கை

வேகத்தின் மீது எனக்கு மயக்கம் இருந்ததில்லை. மெக்லாரன் எஃப்1 காரின் மீது காதல் வந்தது அதன் இருக்கையால். 1992இல் அறிமுகமான அக்காரில் ஓட்டுநர் நட்டநடுவில் அமர்கிறார். சற்றுப் பின்தள்ளி இருபுறமும் இருவர். வடிவமைத்தவர், தென்னாப்பிரிக்காவில் பிறந்த கோர்டன் முர்ரே. எடை கூடும் என்று பவர் ஸ்டீயரிங்கைக்கூட விலக்கியவர், எஞ்சின் அறையின் வெப்பத்தைத் தாங்க மெல்லிய தங்கத் தகடு பதித்தார். மூடிக்குள் மறைந்து உழைக்கும் பொன்!

1998இல் அது மணிக்கு 386 கிலோமீட்டரைத் தொட்டது. செய்யப்பட்டவை மொத்தம் 106 மட்டுமே. எனக்கு ஒருநாளும் வாய்க்காது, அதில் வருத்தமுமில்லை. எழுதிய பக்கத்தில் எந்த வரியை அடிப்பது என்று கை தயங்கும்போதெல்லாம், அந்தக் காரைத்தான் நினைத்துக்கொள்கிறேன். பிறகு, மிகவும் பிடித்த உவமையிலிருந்து தொடங்குகிறேன்.