நாற்காலி இருக்கிறதா?

2011ஆம் ஆண்டு மே மாதத்தில் அடையாறில் நடைபெற்ற பத்து நாள் ஆய்வு நெறிமுறைப் பயிற்சிக்குத் தமிழ்த்துறையிலிருந்து நாங்கள் நால்வர் சென்றிருந்தோம். மற்றவர்கள் பொருளியல், சமூகவியல், வணிகவியல் துறையினர். முதல் நாள் அறிமுகத்தின்போது "தமிழா?" என்று ஒருவர் கேட்டார். அக்குரலில் ஏளனம் இல்லை, திகைப்புதான் இருந்தது. சமூக அறிவியலின் முறைகளைத் தமிழாசிரியர்கள் கற்று என்ன செய்யப்போகிறார்கள் என்பது எங்களுக்கும் விளங்கவில்லை. பதவி உயர்வுக்கு இத்தகைய பயிற்சி கணக்கில் சேரும் என்பது மட்டும் விளங்கியிருந்தது.

நாங்கள் பயின்ற காலத்திலும் ஆய்வு நெறிமுறை என்றொரு தாள் உண்டு. அடிக்குறிப்பு இடும் முறை, துணைநூற்பட்டியலை அகரவரிசைப்படுத்தும் முறை, அட்டைகளில் குறிப்பெடுக்கும் முறை ஆகியவற்றை அதில் கற்றோம். கருதுகோள் என்பது ஆய்வேடு முழுவதையும் எழுதி முடித்த பின்னர், தட்டச்சுக்குக் கொடுப்பதற்கு முந்தைய இரவில் முன்னுரைக்குள் செருகப்படுவது. (இதை ஒப்புக்கொள்ள வாசகர்களுள் சிலரேனும் முன்வருவர்.) அடையாற்றுப் பேராசிரியரோ, கருதுகோள் பொய்த்துப்போனால் அதையும் எழுதுங்கள், அதுவும் கண்டுபிடிப்புத்தான் என்றார். பொய்த்துப்போன கருதுகோளோடு வாய்மொழித் தேர்வுக்குச் சென்ற ஒருவரையும் அதுவரை நாங்கள் கண்டதில்லை.

அவர் சொன்னவற்றுள் எங்களை மிகவும் ஈர்த்தது கில்பர்ட் ஸ்லேட்டரின் கதை. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்த ஆங்கிலேயர் அவர். மாணவர்களின் கையில் ஒரு வினாநிரலைக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் ஊரை ஆராய்ந்துவரச் சொன்னார். தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய நூல் அவ்வாறு 1918இல் வெளிவந்தது. இருவேல்பட்டு, தூசி, வடமலைபுரம், கங்கைகொண்டான் முதலிய ஊர்கள் அதில் இடம்பெற்றன. பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் பதிப்பித்த மறுஆய்வு 1940இல் வந்தது. 1980களில் அடையாறு காந்தி நகரிலுள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகன் முதலியோர் அவ்வூர்களுள் சிலவற்றுக்கு மீண்டும் சென்றனர். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் இருவேல்பட்டை மறுபடியும் ஆராய்ந்தனர். ஏறத்தாழ நூறாண்டுகளாக ஒரே ஊரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எங்களுள் ஒருவர் எழுந்து, "ஊர்ப் பெரிய வீட்டுப் பிள்ளை நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்று கூலி எவ்வளவு என்று கேட்டால், கூலி வாங்குபவர் என்ன சொல்லியிருப்பார் ஐயா?" என்றார். நல்ல கேள்வி என்று பேராசிரியர் பாராட்டினார். அன்று மாலைவரை நாங்கள் சற்றுத் தலைநிமிர்ந்தே நடந்தோம்.

ஐந்தாம் நாள் களப்பணி. முந்தைய ஆண்டு வெளியான 'அங்காடித் தெரு' திரைப்படம் மனத்தில் இருந்தமையால், தியாகராய நகரின் ஜவுளிக்கடைகளில் நின்றபடியே வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஆராய்வதென முடிவுசெய்தோம். இரவோடு இரவாக வினாநிரல் தயாராயிற்று. பதினான்காம் கேள்வி: 'பணியிடத்தில் இருக்கை வசதி உள்ளதா?' எதிரே ஆம், இல்லை என இரண்டு கட்டங்கள். இரண்டு நாள் கடைகடையாக ஏறி இறங்கினோம். ஒருவர் நீங்கலாக எல்லோரும் ஆம் என்றனர். எங்கள் கருதுகோள் பொய்த்துவிட்டது. பேராசிரியர் மகிழ்வார் என்று எண்ணினோம்.

இரண்டாம் நாள் இரவு மாம்பலம் ரயில் நிலையத்தில் ஒரு பெண் எங்களை அடையாளம் கண்டுகொண்டார். காலையில் மூன்றாம் மாடியில் எங்களுக்குப் பதில் சொன்னவர், திருநெல்வேலிப் பக்கம். சிரித்துக்கொண்டே சொன்னார்: "டீச்சர், நாக்காலி இருக்கான்னுதான கேட்டிய? நாங்க இருக்கலாமான்னு கேக்கலியே."

நால்வரும் தமிழ் படித்தவர்கள். இரு என்னும் வினை உளதாதலையும் அமர்தலையும் குறிக்கும் என்று வகுப்பில் நடத்துபவர்கள். இருக்கை என்னும் சொல் அதிலிருந்தே பிறந்தது. தெற்கே இன்றும் வந்தவரை "இருங்க" என்றுதான் உபசரிக்கிறார்கள். நன்னூல் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்திருக்க, நாங்கள் வைத்திருந்த கட்டங்கள் இரண்டே. போதாக்குறைக்கு, அவர் பதில் சொன்னபோது மேற்பார்வையாளர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். பெரிய வீட்டுப் பிள்ளையைப் பற்றிக் கேள்வி கேட்டவரும் அப்போது உடனிருந்தார்.

மறுநாள் வகுப்பில், அந்த 'ஆம்'களையெல்லாம் 'இல்லை' என மாற்றிவிடலாம், உண்மை அதுதானே என்று வாதிட்டோம். பேராசிரியர் இசையவில்லை. "பதில் அவர்களுடையது, அதைத் தொடக்கூடாது. பிழையான கேள்வி உங்களுடையது, அதை எழுதுங்கள்." ஏட்டில் உள்ளதைத் தம் விருப்பப்படி திருத்திவிட்டுப் பாடவேறுபாட்டைக் காட்டாமல் விடும் பதிப்பாசிரியரை நாங்கள் எவ்வளவு ஏசியிருக்கிறோம்! உ.வே.சா. நூல்நிலையம் இருக்கும் பெசன்ட் நகர் அங்கிருந்து கூப்பிடு தூரந்தான். வாயடைத்து உட்கார்ந்தோம். பின்னர் அவர் படிவங்களை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொன்றின் தலைப்பிலும் கடையின் பெயர், மாடி, பதில் சொன்னவரின் பெயர். "இவை எதற்கு?" என்றார். எங்களிடம் விடையில்லை. தலைப்புப் பகுதிகளை அங்கேயே கத்தரிக்கச் செய்தார்.

பயிற்சி முடிந்த மறுவாரம் அந்தப் பெண்ணைப் பார்க்க மூன்றாம் மாடிக்குச் சென்றோம். அவர் இல்லை. "ஊருக்குப் போயிட்டா" என்றார் இன்னொரு பெண், அதற்குமேல் பேசவில்லை. விடுப்பில் சென்றிருக்கலாம், திருமணமாகியிருக்கலாம். எங்களோடு சிரித்துப் பேசியதை யாரேனும் பார்த்திருக்கவும் கூடும். நாங்கள் நால்வரும் சந்திக்கும்போதெல்லாம் இப்பேச்சு வரும். எவரேனும் ஒருவர் வேறு பேச்சுக்கு மாற்றிவிடுவார்.

கோழிக்கோட்டில் கடைப்பணிப் பெண்கள் நடத்திய உட்காரும் உரிமைக்கான போராட்டத்தின் பயனாகக் கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழகத்திலும் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-அ என்னும் பிரிவு சேர்ந்தது. வேலையினூடே உட்கார வாய்ப்பு நேரும்போது பயன்படுத்திக்கொள்ளத் தக்க இருக்கைகள் வேண்டும் என்பது அதன் சாரம். செய்தித்தாளில் அதைப் படித்தபோது மகிழ்ச்சிதான். ஆயினும் 'வாய்ப்பு' என்னும் சொல்லின்மேல் கண் நின்றுவிட்டது. அது நேர்ந்துவிட்டது என்று சொல்ல வேண்டியவர் யார்?

சென்ற ஆண்டு முதுகலை மாணவர்களைத் தியாகராய நகருக்கு அழைத்துச் சென்றோம். கடைகளுக்குள் யாரையும் அனுப்பவில்லை. மாம்பலம் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023இல் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதையில், இரவு வேலை முடிந்து வருவோரிடம் விருப்பமிருந்தால் மட்டும் கேட்கச் சொன்னோம். படிவத்தில் பெயர் இல்லை, கடை இல்லை. பதினான்காம் கேள்வி இப்போது இப்படி இருந்தது: 'நேற்று வேலை நேரத்தில் எத்தனை முறை உட்கார்ந்தீர்கள்?' பக்கத்தில் கட்டங்களுக்கு மாறாக, குறிப்பெழுத நான்கு வரி இடம்.

ஒரு மாணவி கொண்டுவந்த படிவத்தில் 2 என்ற எண் எழுதி அடிக்கப்பட்டிருந்தது. கீழே, பதில் சொன்னவரின் பேச்சு அப்படியே இருந்தது: "சாப்பாட்டு நேரத்தைச் சேர்த்தா, சேக்காமலா?"