மொட்டை மாடிக் கூடாரம்

கூடாரம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? சர்க்கஸ் கூடாரம் வரும். கொஞ்சம் வயதானவர்களாக இருந்தால், மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்த டெண்ட் கொட்டகை வரும். சென்ற கார்த்திகை மாதம் வரை எனக்கும் அவ்வளவுதான் தெரியும். இப்போதோ கூடாரத் துணியின் தையலைத் தடவிப் பார்த்தே குணம் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன்! ஐம்பது வயதில் இந்த வித்தை எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்களுக்குக் கடலூர், மஞ்சக்குப்பத்தில் வீடு. என் பெண் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். விடுதி வாசம். ஒரு நாள் அவள் பெயருக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. நீளமாக, சுருட்டிய பாய் போல இருந்தது. போன் செய்து கேட்டேன்.

"டெண்டும்மா! பொங்கல் லீவுல நாங்க ஏழு பேர் ஏலகிரி போறோம். ரெண்டு ராத்திரி தங்கல். ஆளுக்கொரு டெண்ட். என்னோடது ரெண்டாயிரத்து முந்நூறு ரூபாய்தான். எல்லாத்தையும் விட மலிவு!" என்றாள் உற்சாகமாக.

வேலி போட்ட இடம், காவலாள் உண்டு, கூடவே ஓர் ஆசிரியையும் வருகிறார் என்றெல்லாம் அடுக்கினாள். ஆனாலும் வீட்டில் பூகம்பம்தான். "பொம்பளைப் பிள்ளை மலையிலே துணியைக் கட்டிக்கிட்டுத் தனியாப் படுக்கிறதா? நல்லாயிருக்குடி உன் மக படிக்கிற படிப்பு!" என்றார் என் மாமியார். என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "வேண்டாம்னு சொல்லிடு" என்றார். கவனித்தீர்களா? 'சொல்லிடறேன்' இல்லை; 'சொல்லிடு'! கசப்பு மருந்து கொடுப்பது எப்போதும் தாயின் இலாகா அல்லவா?

நான் ஒரு யோசனை சொன்னேன். "முதல்லே நான் நம்ம மாடியிலே அதுலே படுத்துப் பாக்கிறேன். சரின்னு பட்டாப் போகட்டும். இல்லேன்னா வேண்டாம்." நியாயமான பேச்சு என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். பெண்கூடச் சம்மதித்தாள்.

உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கூடாரம் நல்லதா என்று பார்ப்பதற்காக நான் மாடி ஏறவில்லை. அதில் ஏதாவது ஒரு குற்றம் கண்டுபிடித்து, 'பார்த்தாயா, நான் சொல்லவில்லை?' என்று அவளைத் தடுத்துவிடத்தான் ஏறினேன். மலிவுச் சரக்கில் குற்றம் கிடைக்காமலா போய்விடும்?

பிரித்துப் போட்டு, புடவைக் கடையில் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு. உள்ளே நீளம் ஏழடிக்குக் கொஞ்சம் குறைவு; அகலம் மூன்றடி. நடுவில் உட்கார்ந்தால் என் கொண்டை கூரையைத் தொட்டது. சட்டை மேல் சட்டை போட்டது போல இரண்டு அடுக்கு: உள்ளே கொசுவலை வைத்த துணி, வெளியே மழைத்துணி. கண்ணாடி நாரில் செய்த இரண்டு கழிகள். பூச்சரம் போல ரப்பர் கயிற்றில் கோத்த துண்டுகள். ஒன்றோடொன்றைப் பொருத்தி வளைத்தால் கூடாரம் எழுந்து நிற்கிறது. விலை உயர்ந்த கூடாரங்களுக்கு அலுமினியக் கழி. பலமான காற்றில் அலுமினியம் பெரும்பாலும் வளையும். கண்ணாடி நார் சிலும்பு சிலும்பாகப் பிளந்து கையில் குத்தும். இதைக் குற்றப் பட்டியலில் முதலாவதாகக் குறித்துக்கொண்டேன்.

கூட வந்த சீட்டில் 'நீர் தாங்கும் திறன் 1,500 மில்லிமீட்டர்' என்று இருந்தது. 1,500 மில்லிமீட்டர் மழையைத் தாங்குமாக்கும் என்று நினைத்தேன். அப்படியில்லையாம். துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால், எத்தனை உயரம் நின்ற பிறகு துணியின் அடியில் துளி கசிகிறதோ, அந்த உயரம்தான் கணக்கு. இதற்கு ஒன்றரை மீட்டர். விறைப்பாக இழுத்துக் கட்டிய கூரைக்குச் சாதாரண மழையில் இது போதும். ஆனால் ஈரத் தரையில் முழங்கால் ஊன்றினால், அந்த அழுத்தம் மழைத்துளியைவிட எத்தனையோ மடங்கு. ஆகவே கூரையைவிடத் தரைத்துணி கெட்டியாக இருக்க வேண்டும். இதில் அப்படியே இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றந்தான்!

தைக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு சங்கதி சொல்லாமலே விளங்கும். எவ்வளவு உயர்ந்த துணியானாலும் தையல் போட்ட இடமெல்லாம் ஊசித் துளைதானே? அதனால் உள்பக்கம் தையல் மேல் ஒரு பட்டை ஒட்டியிருப்பார்கள். மலிவுக் கூடாரத்தின் ஜாதகம் அந்தப் பட்டையில்தான் இருக்கிறது.

சிமெண்டுத் தளத்தில் முளை அடிக்க முடியுமா? நான்கு மூலைக்கும் நான்கு செங்கல்லைக் கட்டினேன். ராத்திரி ஒன்பது மணிக்குத் தவழ்ந்து உள்ளே போனேன். "டார்ச் இருக்கா? தண்ணி இருக்கா? பயமா இருந்தா கூப்பிடு" என்று படிக்கட்டிலிருந்து என் கணவர் குரல் கொடுத்தார். பயம் அவருக்குத்தான்!

நடு ராத்திரியில் மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை மழையைப் பற்றிக் கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா? தலைக்கு ஒரு முழத்துக்கு மேலே பறை கொட்டுவது போல அப்படி ஒரு சத்தம். எனக்கு 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி ஞாபகம் வந்துவிட்டது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை போன 'தானே' புயல் காற்று எங்கள் ஜில்லாவின் பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் வேரோடு சாய்த்ததே, அந்த விடியற்காலை. அப்போது என் பெண்ணுக்கு ஏழு வயது. கதவைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்க, சமையலறை மூலையில் அவளைப் புடவைத் தலைப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். "அம்மா, நீ போயிடாதே, நீ போயிடாதே" என்று என் கழுத்தை விடவே இல்லை. அந்தக் குழந்தையா மலையில் தனியாகப் படுக்கப் போகிறது?

விடியற்காலையில் ஒரு துளி என் நெற்றியில் 'சொட்'டென்று விழுந்தது. இன்னொன்று மூக்கில். "ஒழுகுது!" என்று கத்திக்கொண்டே கீழே இறங்கினேன். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதுகூட வெட்கமாக இருக்கிறது. "முடிஞ்சுது கதை. போன் பண்ணிச் சொல்லிடு" என்றார் என் கணவர்.

போனைக் கையில் எடுத்தேன். ஆனால், 'எந்த இடத்திலேம்மா ஒழுகிச்சு?' என்று அவள் கேட்பாளே? திரும்ப மாடிக்குப் போய்த் தடவிப் பார்த்தேன். கூரையில் ஒட்டிய பட்டை ஒன்றுகூடப் பெயரவில்லை. ஆனால் மழைத்துணியின் உள்பக்கம் முழுவதும் முத்து முத்தாக வேர்த்திருந்தது. குற்றம் சொல்வதானால் சாட்சி வேண்டாமா? அன்றும் படுத்தேன். அன்று வானத்தில் ஒரு மேகம் இல்லை. துல்லியமாக நட்சத்திரம் தெரிந்தது. காலையில் எழுந்து தொட்டால், அதே முத்துக்கள்!

கீழே வந்து இட்லிப் பானையைத் திறந்தேன். மூடியின் உள்பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. அட, இதுதானா சமாசாரம்! முப்பது வருஷமாகத் தினம் பார்க்கும் மூடி அல்லவா? பானைக்குள் ஆவி, மேலே குளிர்ந்த மூடி, பட்ட இடத்தில் தண்ணீர். கூடாரத்துக்குள் வெதுவெதுப்பாக என் மூச்சு; வெளியே பனியில் குளிர்ந்த துணி. என் நெற்றியில் சொட்டியது மழையே அல்ல, என் மூச்சு!

மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு பக்க ஜிப்பையும் ஒரு சாண் திறந்து வைத்தேன், கொசுவலைதான் இருக்கிறதே. உள்துணியோடு ஒட்டாமல் மழைத்துணியை நன்றாக இழுத்துக் கட்டினேன். காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போயிற்று. காலையில் ஈரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது.

அப்படியானால் ஒழுகவே இல்லையா? அதையும் பார்த்துவிட்டேன். உள்ளே தரை முழுவதும் பழைய செய்தித்தாளைப் பரப்பிவிட்டு, வெளியிலிருந்து தோட்டத்துக் குழாயைப் பத்து நிமிஷம் பிடித்தேன். எங்கே ஒழுகினாலும் காகிதம் காட்டிக் கொடுத்துவிடும். கால்மாட்டில் ஒரு மூலையில் உள்ளங்கை அளவு நனைந்திருந்தது. அங்கே தையல் பட்டை சரியாக ஒட்டவில்லை. மெய்யான குற்றம் கிடைத்துவிட்டது!

வாசகிகளே, அன்று மத்தியானம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். 'ஒழுகுகிறது' என்று சொன்னால் பொய்யில்லை. பிரயாணம் நின்றுவிடும். நிம்மதியாக இருக்கலாம். ஆனால் தையல் அடைக்கும் பசை ஒரு சின்னக் குப்பி வாங்கித் தடவினால் அந்தக் குற்றம் தீர்ந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்வது முழுப் பொய்யைவிட மோசம் இல்லையா? இன்னொன்றும் மனத்தை உறுத்தியது. மூன்று ராத்திரியும் நான் நன்றாகத் தூங்கியிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து எனக்கென்று ஓர் அறை இருந்ததில்லை. இருந்தால் தேவலை என்று நினைத்ததுமில்லை. மூன்றடி அகலத் துணிக்குள் படுத்தபோது, நாளைக்கு என்ன குழம்பு என்றுகூட நான் யோசிக்கவில்லை. இந்தச் சுகத்தை அறிந்த பிறகு, அது பெண்ணுக்குக் கூடாது என்று எந்த வாயால் சொல்வது?

பசை வாங்கித் தடவினேன். காய்ந்ததும் மறுபடி காகிதம், மறுபடி தண்ணீர். காகிதம் காய்ந்தே இருந்தது.

கடைசியாகக் காற்றுப் பரீட்சை. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு ஒரு சாயங்காலம் நானும் அவரும் போனோம். கூட வந்த முளைகள் மணலில் நிற்கவேயில்லை. இழுத்த இழுப்புக்குக் கையோடு வந்தன. பைகளில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, ஒரு முழ ஆழத்தில் புதைத்தோம். அப்புறம் கடற்காற்றில் கூடாரம் படபடத்ததே தவிர நகரவில்லை. சுண்டல் விற்ற பையன், "உள்ளே என்னா ஷோ காட்டுறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனான்! ஆனால் ஒன்று: கடற்காற்று வேறு, புயல் வேறு. 2024 டிசம்பரில் 'ஃபெஞ்சல்' புயலுக்குப் பின் தென்பெண்ணை கரை புரண்டு வந்த மாதிரியான நாளில், எந்த விலைக் கூடாரமும் உதவாது. அப்போது கெட்டியான கட்டடத்துக்குத்தான் ஓட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கூடாரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் எல்லாம் தாண்டிச் சிதம்பரம் போய்ச் சேரும் வரை, சொல்வதா வேண்டாமா என்ற ஆட்டம் நிற்கவில்லை. கோயில் கிழக்குக் கோபுர வாசலில் பெண் நின்றிருந்தாள். என் முகத்தையே பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

தரிசனம் முடிந்து பிராகாரத்தில் உட்கார்ந்தோம். பொற்கூரையில் வெயில் பட்டுத் தகதகத்தது. அந்தக் கூரையில் 21,600 பொன் ஓடுகள். மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் எண்ணிக்கை அதுதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நிமிஷத்துக்குப் பதினைந்து என்று பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். "எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு 7,200 மூச்சு. அத்தனையும் உன் கூரையிலே தண்ணியா நிக்கும். அதனாலே ரெண்டு பக்கமும் ஒரு சாண் திறந்து வை" என்று ஆரம்பித்தேன். கால்மாட்டு மூலை, மணல் பை, கழி பிளந்தால் வெறும் கையால் தொடக்கூடாது என்பது, ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும் என்பது வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். மழைக்கும் பனிக்கும் போதும், புயலுக்குப் போதாது, கொடுத்த காசுக்குக் குறை சொல்ல முடியாது என்று தீர்ப்பும் சொன்னேன்.

"அப்போ... போகலாமாம்மா?"

"போயிட்டு வா. அப்பாகிட்டே நான் பேசிக்கிறேன்."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நீ குத்தம் கண்டுபிடிக்கத்தான் படுக்கிறேன்னு நினைச்சேம்மா" என்றாள் மெதுவாக.

"கண்டுபிடிச்சேனே! அடைச்சும் விட்டேன்" என்றேன்.

அவள் போய்விட்டு வந்தாள். ஏலகிரிப் பனியில் மற்ற ஆறு பேரும் நனைந்து எழுந்தார்களாம். இவள் அவர்களுக்கு இட்லிப் பானைப் பாடம் நடத்தினாளாம். கூடாரம் இப்போது எங்கள் பரணில் இருக்கிறது. போன வாரம் மத்தியானம், யாரும் இல்லாத சமயம் பார்த்து என் மாமியார் அருகில் வந்தார். "ஏண்டி, அந்தத் துணி வீட்டைக் கூடத்திலே ஒரு தடவை கட்டிக் காட்டேன். உள்ளே எப்படித்தான் இருக்குன்னு பாக்கலாம்" என்றார். கட்டினேன். ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு வெளியே வந்து, "காத்து வரலேடி" என்றார்.

ஜிப்பை ஒரு சாண் திறந்து வைத்தேன். மறுபடி உள்ளே போய்விட்டார்!