தோள்களும் படிகளும்

எட்டு மணி விரிவுரைக்கு ஏழரை மணிக்கே வந்துவிடுவான் அந்தக் கலைப்பீட மாணவன். 2009ஆம் ஆண்டில், ஏழு வயதுப் பாலகனாக இருந்தபோது, எறிகணை வீச்சில் இரு கால்களையும் இழந்தவன் அவன். விரிவுரை மண்டபமோ இரண்டாம் மாடியில். நண்பர் நால்வர் சக்கர நாற்காலியோடு அவனைத் தூக்கிச் செல்வர். காண்போர் நெஞ்சம் நெகிழ்வர். நட்புக்கு இலக்கணம் இதுவே என்பர்.

ஒருநாள் நண்பர் இருவர் காய்ச்சலிற் படுத்துவிட்டனர். அன்று விரிவுரை முடியும்வரை அவன் படிகளின் அடியிலேயே அமர்ந்திருந்தான். மறுநாள் அவன் கேட்டது ஒரே வினா: “தூக்குகிறவர்களை எல்லாரும் புகழ்கிறீர்கள். படிகளைப் பற்றி ஏன் எவரும் பேசுவதில்லை?”

இவ்வினாவுக்கு எத்துறை விடை கூறும்? மருத்துவம் இழந்த காலை ஆராயும், படியை ஆராயாது. பொறியியல் படியைக் கட்டும். அதன்முன் நின்றுவிடுபவனை அறியாது. இயலாமை உடலில் மட்டும் உள்ளதன்று, உடலுக்கும் உலகுக்கும் இடையிலே உள்ளது என்று கண்டபோதே இயலாமைக் கற்கை பிறந்தது. ஊறு உடலுக்குரியது, தடையோ சமூகத்துக்குரியது என்னும் இக்கருத்துக்குச் ‘சமூக மாதிரி’ என 1983இல் பெயரிட்டவர் பிரித்தானியச் சமூகவியலாளர் மைக் ஒலிவர். அவரும் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவரே.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் இக்கற்கை ஒரு துணைப்பாடமாக உள்ளது. எத்துறை மாணவரும் தம் முதன்மைப் பாடத்தோடு இதனையும் பயிலலாம். இதற்கு வித்திட்டதும் ஒரு மாணவரின் வருகையே எனலாம். இளம்பிள்ளைவாதத்தால் உடல் செயலிழந்து, ‘இரும்பு நுரையீரல்’ என்னும் இயந்திரத்தின் துணையோடு உயிர்வாழ்ந்த எட் றொபேர்ட்ஸ் 1962இல் அங்கு சேர்ந்தார். மாணவர் விடுதியில் அவருக்கு இடமில்லை; வளாக மருத்துவமனையே இல்லமாயிற்று. அவரைத் தொடர்ந்து அவர்போன்ற வேறு சிலரும் வந்தனர். இரக்கத்தை வேண்டாது வழியை வேண்டிய அவர்களது இயக்கத்தின் பயனாக, 1972இல் பேர்க்லி நகரிற் சுயாதீன வாழ்வு நிலையம் உருவாயிற்று.

தமிழ் கற்போருக்கும் இதிற் பங்குண்டு. பார்வையற்றவர் தோளில் நடக்க இயலாதவர் அமர்ந்து ஊரூராய்ச் சென்ற இரட்டைப் புலவரின் கதை, வியப்புக்குரியதாகவே சொல்லப்பட்டு வருகிறது. அவர்கள் சென்ற பாதை எத்தகையது என்று கேட்பாரில்லை.

இலங்கையில் வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் நிறைவேறியது. பொதுக் கட்டடங்கள் எவரும் அணுகக்கூடியனவாய் அமைய வேண்டுமென்னும் ஒழுங்குவிதிகள் 2006இல் வெளியாயின. சட்டம் உண்டு, படிகளும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளப்பது கலைப்பீடத்தின் பணியன்றோ? களனிப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தில் இயலாமைக் கற்கைகளுக்கென ஒரு துறை உண்டு. சட்டமும் சமூகவியலும் வரலாறும் இலக்கியமும் இக்கற்கையிற் கைகோக்குமாயின் அது முழுமை பெறும்.

அம்மாணவனின் வினா வீண்போகவில்லை. அவ்வாரமே விரிவுரை கீழ்மாடிக்கு மாற்றப்பட்டது. பெருஞ்செலவேதும் இல்லை, அறிவித்தற் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது, அவ்வளவே. அத்தாளுக்காக அவன் இரண்டு ஆண்டுகள் தோள்களிற் சென்றிருந்தான். நண்பர் நால்வரும் இன்றும் அவனுடனேயே வருகின்றனர், சுமப்பதற்கன்று, பேசிக்கொண்டு வருவதற்கு.